ஆதாரம் இல்லை என்பதாலா தடை செய்தோம்?

நம் பங்குகளிலும் மறைக்கல்வி வகுப்புகளிலும் இளைஞர் பாசறைகளிலும் ஒரு விடை இப்போது பெரிதும் வழக்கத்திற்கு வந்துள்ளது. கலிலேயோவைப் பற்றி எவரேனும் வாய் திறந்தால் போதும், உடனே எடுத்து நீட்டப்படும் விடை அது. சூரியனைப் பூமி சுற்றுகிறது என்று சொன்ன கோப்பர்நிக்கஸே ஒரு கத்தோலிக்கக் குரு. திருச்சபை ஒருநாளும் அறிவியலுக்குப் பகையாய் இருந்ததில்லை. கலிலேயோவிடம் அன்று போதிய ஆதாரம் இல்லை. ஆதாரத்தைக் கொண்டு வா என்றுதான் திருச்சபை கேட்டது. ஆகவே நம்மீது குறை சொல்ல எவருக்கும் வழியில்லை. சிறு பிரசுரங்களாக இது கோயில் வாசலில் வழங்கப்படுகிறது. மறையுரைகளிலும் கேட்கிறேன். சொல்பவர்கள் நல்ல மனத்தோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் அது உண்மையன்று. அதில் உள்ள மணிகளுட் பல உண்மையானவை. அவற்றைக் கோத்திருக்கும் நூல்தான் பொய்.

முதலில் கோப்பர்நிக்கஸ். போலந்து நாட்டு தோருன் நகரில் 1473இல் பிறந்த இவர், தாய்மாமனாகிய வார்மியா ஆயரின் ஆதரவில் கல்வி பெற்று, 1503இல் ஃபெராராவில் திருச்சபைச் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். ஃபிராம்போர்க் பேராலயத்தின் கனோனாக, அதாவது பேராலய நிர்வாகத்திலும் வருவாயிலும் பங்குள்ள குருகுல உறுப்பினராக, வாழ்நாள் முழுவதும் இருந்தார். குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது. சிறிய பிழைதான், ஆனால் நமக்குச் சாதகமான பிழை என்பதால் எவரும் அதைத் திருத்துவதில்லை.

அவருடைய நூல் பிறந்த கதையில் நாம் பெருமைப்பட இடமுண்டு. 1533இல் திருத்தந்தை ஏழாம் கிளமெண்ட், வத்திக்கான் தோட்டத்தில் இப்புதிய கொள்கையின் விளக்கத்தைக் கேட்டு மகிழ்ந்து, விளக்கியவருக்கு ஒரு கிரேக்கச் சுவடியைப் பரிசளித்தார். 1536இல் கர்தினால் ஷேன்பெர்க் நூலை வெளியிடுமாறு வேண்டிக் கடிதம் எழுதினார். ஆயர் கீஸே தம் நண்பரைத் தூண்டிக்கொண்டே இருந்தார். இறுதியில் விட்டன்பெர்க்கிலிருந்து வந்த ரெட்டிக்கஸ் என்ற இளம் லூத்தரன் பேராசிரியரின் முயற்சியால் 1543இல் நியூரம்பெர்க்கில் நூல் அச்சேறியது. திருத்தந்தை மூன்றாம் சின்னப்பருக்கு அது காணிக்கையாக்கப்பட்டது. பூமி அசைகிறது என்பதை உண்மையாகக் கொள்ள வேண்டாம், கணக்கிட உதவும் கருவியாகக் கொண்டால் போதும் என்று ஆசிரியரைக் கேளாமலே பெயரின்றி ஒரு முன்னுரையை நுழைத்தவரும் லூத்தரன் போதகரான ஒசியாண்டரே. இந்த ஆண்டுகளைப் பார்த்தால் திருச்சபை அந்நூலை 73 ஆண்டுகள் தடையின்றி உலவவிட்டது தெரியும். நம் பிரசுரங்கள் இந்த 73 ஆண்டுகளை விரித்துப் பேசிவிட்டு, அடுத்த 219 ஆண்டுகளை ஒரே மூச்சில் தாண்டிவிடுகின்றன.

ஆதாரம் பற்றிய வாதத்தை நேர்மையாக எடைபோடுவோம். அதில் உண்மை உண்டு என்பதை மறுப்பது கற்றோர்க்கு அழகன்று. கோப்பர்நிக்கஸ் தம் கொள்கைக்குக் காட்டிய வலிமை அதன் ஒழுங்கு. செவ்வாயும் வியாழனும் சனியும் சில காலங்களில் பின்னோக்கி நகர்வதாகத் தோன்றுகின்றனவே, நம் சோதிடர்கள் வக்கிரம் என்பார்களே, அதற்குத் தாலமி ஒவ்வொரு கோளுக்கும் தனித்தனியே சிறு வட்டங்களைப் புனைய வேண்டியிருந்தது. பூமியே ஓடுகிறது என்று கொண்டால், ஓடும் வண்டியிலிருந்து பார்ப்பவனுக்கு மெதுவாகச் செல்லும் வண்டி பின்வாங்குவதுபோல் தோன்றும் என்ற ஒரே விளக்கம் எல்லாவற்றுக்கும் போதும். மேலும் சூரியனிலிருந்து விலக விலகச் சுற்றுக்காலம் கூடுகிறது: பூமிக்கு ஓராண்டு, செவ்வாய்க்கு ஏறத்தாழ 2, வியாழனுக்கு 12, சனிக்கு 30. இந்த அழகு ஒரு சான்றுதான். எனினும் அது முடிவான நிரூபணம் ஆகாது. வட்டங்களை விடாத கோப்பர்நிக்கஸ் தாமும் சிறு வட்டங்களைச் சேர்க்க நேர்ந்தது.

பூமி நகர்கிறது என்றால் ஆறு மாத இடைவெளியில் விண்மீன்கள் சற்றே இடம்மாறித் தோன்ற வேண்டும். வெறுங்கண்ணால் அளப்பதில் ஒப்பற்றவரான டைக்கோ பிராகே தேடியும் அது அகப்படவில்லை. ஆகவே அவர் கோள்கள் சூரியனைச் சுற்ற, சூரியன் பூமியைச் சுற்றும் ஓர் இடைவழியை வகுத்தார். 1610இன் இறுதியில் கலிலேயோ தொலைநோக்கியில் வெள்ளிக்கோளின் பிறைகளைக் கண்டபோது தாலமியின் அமைப்பு வீழ்ந்தது; டைக்கோவின் அமைப்பு வீழவில்லை. கடலின் ஏற்றவற்றத்தைக் கொண்டு பூமியின் அசைவை நிறுவ கலிலேயோ முயன்றது பிழையான வாதம். ஆக, 1616இல் முடிவான ஆதாரம் இல்லை என்று நம் பிரசுரக்காரர்கள் சொல்வது சரியே.

ஆனால் அவர்கள் அடுத்துச் சொல்வதுதான் தவறு. ஆதாரம் இல்லாததால் திருச்சபை மறுத்தது என்கிறார்களே, அப்படியா நடந்தது? 1616 மார்ச் 5ஆம் நாள் தடைநூல் அட்டவணைப் பேராயம் வெளியிட்ட ஆணை எல்லா நூலகங்களிலும் கிடைக்கிறது. இக்கொள்கை நிறுவப்படவில்லை என்று அது சொல்லவில்லை. பொய்யானது என்றும், திருமறை நூலுக்கு முற்றிலும் மாறானது என்றும் சொல்கிறது. அதற்குச் சில நாள் முன்பு, பிப்ரவரி 24 அன்று, கருத்துரைத்த 11 இறையியலாரும் சூரியன் அசைவற்றது என்ற கூற்றை மெய்யியலில் மடமை என்றும், முறைப்படி தப்பறை என்றும் குறித்தனர். கோப்பர்நிக்கஸின் நூல் திருத்தப்படும்வரை நிறுத்தப்பட்டது. இக்கொள்கை விவிலியத்தோடு முரண்படாது என்று காட்ட முயன்ற கார்மேல் சபைத் துறவி ஃபொஸ்காரினியின் சிறு நூலோ முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. கணக்கு நூலுக்குத் திருத்தம், விவிலிய விளக்க நூலுக்கு அடியோடு தடை என்றால், குற்றம் எங்கே காணப்பட்டது என்பது எவருக்கும் விளங்கும்.

ஆதாரந்தான் அளவுகோல் என்றால், வெள்ளியின் பிறைகளால் தகர்ந்துபோன தாலமியின் நூலும் அட்டவணையில் ஏறியிருக்க வேண்டுமே. டைக்கோவின் அமைப்புக்கு ஆதாரம் தா என்று எவரும் கேட்கவில்லையே. நிரூபணச் சுமை ஒரு தோளில் மட்டும் ஏற்றப்பட்டது. 1619இல் கெப்ளருடைய வானியல் சுருக்க நூலும் தடைப்பட்டியலில் சேர்ந்தது. செவ்வாயின் நிலையில் முழுநிலவின் அகலத்தில் கால் பங்களவே வந்த பிழையைக்கூடப் பொறுக்காமல், பல ஆண்டு உழைப்பால் வட்டத்தைக் கைவிட்டு நீள்வட்டத்தைக் கண்டறிந்தவர் அவர். சூரிய மையக் கொள்கை நிரூபணத்தை நோக்கி நடந்த பாதையே கெப்ளர்தான். ஆதாரம் எங்கே என்று கேட்டுக்கொண்டே அது வரவேண்டிய கதவை அடைப்பது எவ்வகை நீதி?

1633ஆம் ஆண்டுத் தீர்ப்பு இன்னும் வெளிப்படையானது. திருமறைக்கு மாறானது என்று அறிவிக்கப்பட்ட பின், இக்கொள்கையை உண்மையாயிருக்கக் கூடும் என்ற அளவிலேனும் கொள்வதும் வாதிடுவதும் கலிலேயோவின் குற்றமாகக் காட்டப்படுகிறது. கடும் தப்பறை ஐயத்திற்குரியவர் என்ற தீர்ப்புடன் ஜூன் 22 அன்று மினெர்வா மாதா கோயிலை அடுத்த துறவு மடத்தில், ஏறத்தாழ 70 வயது முதியவர் முழந்தாளிட்டுத் தம் கருத்தைக் கைவிட நேர்ந்தது. 1642இல் இறக்கும்வரை அவர் வீட்டுக் காவலில் இருந்தார். அவர் எரிக்கப்படவில்லை, பாதாளச் சிறையில் வாடவில்லை, சித்திரவதை செய்வோம் என்ற முறைப்படியான அச்சுறுத்தலோடு நின்றது என்பன உண்மை. நாத்திக மேடைகளில் சொல்லப்படும் கட்டுக்கதைகளை மறுக்க இவை பயன்படும். நம்மை விடுவிக்க இவை பயன்படா.

இங்கே நம்மவர்கள் புனித இராபர்ட் பெல்லார்மினைச் சாட்சிக்கு அழைப்பார்கள். மதுரை மறைப்பணித்தளத்தின் தத்துவ போதகர் தெ நொபிலிக்கு உறவினர் என்ற வகையில் தமிழ்க் கத்தோலிக்கர் மதிப்போடு நினைவுகூரும் கர்தினால் அவர். அறிவாளர், ஏழ்மையை நேசித்தவர். அவரை மூடர் என்பார் தாமே மூடர். 1615 ஏப்ரல் 12 அன்று ஃபொஸ்காரினிக்கு அவர் எழுதிய மடலில், பூமியின் அசைவுக்கு மெய்யான நிரூபணம் இருக்குமாயின், அதற்கு மாறாகத் தோன்றும் திருமறைப் பகுதிகளை மிகுந்த கவனத்தோடு விளக்க வேண்டும் என்றும், நிரூபிக்கப்பட்டதைப் பொய் என்பதினும் அப்பகுதிகளை நாம் புரிந்துகொள்ளவில்லை என்பதே தகும் என்றும் எழுதினார். எவ்வளவு விரிந்த மனம் என்று வியக்கிறார்கள் நம்மவர்கள்.

அம்மடலில் எண்ணிட்ட குறிப்புகள் மூன்று. மூன்றாவதில் பாதி மட்டுமே நம் பிரசுரங்களில் வருகிறது. இரண்டாவது குறிப்பைக் குருமடத்தில் இறையியல் பயின்ற எவரும் நின்று வாசிக்க வேண்டும். திருச்சபைத் தந்தையர் ஒருமித்து விளக்கிய முறைக்கு மாறாக விவிலியத்தை விளக்கலாகாது என்ற திரிதெந்தீன் பொதுச்சங்கத்தின் 1546ஆம் ஆண்டு முடிவை அவர் அங்கே எடுத்தாளுகிறார். அம்முடிவு விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் பற்றிய காரியங்களுக்கு உரியது. சூரியன் சுற்றுவது விசுவாசக் காரியமா என்ற கேள்வி எழும் என்பதை உணர்ந்தே கர்தினால் ஒரு விடை தருகிறார்: சொல்லப்படும் பொருளின் வகையில் அது விசுவாசக் காரியம் அன்று எனினும், சொல்பவரின் வகையில் அது விசுவாசக் காரியமே; ஏனெனில் சொல்பவர் தூய ஆவியார். ஆபிரகாமுக்கு இரு மைந்தர், யாக்கோபுக்குப் பன்னிருவர் என்பதை மறுப்பவனும், கிறிஸ்து கன்னியிடம் பிறந்ததை மறுப்பவனைப் போலவே தப்பறைக்காரன் என்கிறார்.

முழுச் சிக்கலும் இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. திருமறை நூலில் போகிறபோக்கில் வரும் எண்ணும் ஊர்ப்பெயரும் விண்ணைப் பற்றிய வழக்குச் சொல்லும் யாவும் ஒரே தட்டில் வைக்கப்பட்டு, மீட்பின் செய்தியோடு சமமாக்கப்பட்டன. அப்படிக் கொண்டால் யோசுவா சூரியனை நிற்கச் சொன்னதும், அது எழுந்து மறைந்து தன் இடத்துக்கு விரைவதாகச் சபை உரையாளர் பாடுவதும் விண்ணியல் விதிகளாகிவிடும். மூன்றாவது குறிப்பின் மறுபாதி இதைத்தான் செய்கிறது: சாலமோன் இறைஏவுதல் பெற்று எழுதியவர், ஞானி, அவர் கூற்று நிரூபிக்கக் கூடிய உண்மைக்கு மாறாயிருக்க இயலாது என்று கதவைச் சாத்துகிறது. நிரூபணம் வந்தால் ஏற்போம் என்று சொன்ன அதே பேனா, நிரூபணம் வராது என்பதற்கும் விவிலியத்தையே சான்றாக்கியது.

வேறு வழி அன்று தெரியாதா? தெரியும். தொடக்கநூல் விளக்கத்தில் புனித அகுஸ்தீனார், வானத்தையும் கோள்களின் இயக்கத்தையும் நன்கறிந்த பிறமதத்தான் ஒருவன் கேட்க, கிறிஸ்தவன் ஒருவன் திருமறையின் பெயரால் அவற்றைப் பற்றிப் பிதற்றுவது எத்துணை வெட்கக்கேடு என்று ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தார். வானத்தின் வடிவத்தை நமக்குக் கற்பிப்பது மீட்புக்குப் பயன்படாது என்பதால் தூய ஆவியார் அதைக் கற்பிக்க விரும்பவில்லை என்றும் எழுதியிருந்தார். அகுஸ்தீன் சபைத் துறவி தியேகோ தெ சூனிகா 1584இல் யோபு நூலுக்கு எழுதிய உரையில், பூமி அசைவதாகக் கொண்டால் ஓரிடம் நன்கு பொருள்படும் என்று காட்டினார். 1616இன் ஆணை அவர் நூலையும் விட்டுவைக்கவில்லை. கலிலேயோ 1615இல் கிறிஸ்தீனா பெருமாட்டிக்கு எழுதிய நீண்ட மடலில் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் அகுஸ்தீனாரைத்தான். விண்ணியலில் கலிலேயோவின் வாதங்களுள் சில தவறின. விவிலிய விளக்கத்தில் அவர் தவறவில்லை. தவறியவர்கள் அதையே தொழிலாகக் கொண்ட நம் இறையியலார்.

இனி ஆதாரம் வந்த பிறகு நடந்ததைப் பார்ப்போம். 1687இல் நியூட்டனின் நூல் கோள்களின் ஓட்டத்துக்குக் காரணத்தை வகுத்தது. 1729இல் ஆங்கில வானியலார் பிராட்லி, பூமியின் ஓட்டத்தால் விண்மீனின் ஒளி சாய்ந்து வருவதை அளந்து வெளியிட்டார். மழையில் ஓடுபவன் குடையை முன்னே சாய்ப்பதுபோல, ஓடும் பூமியிலிருந்து பார்ப்பவர் தொலைநோக்கியைச் சற்றே சாய்க்க வேண்டியிருக்கிறது என்பதே அது. ஆதாரத்துக்காகக் காத்திருந்தோம் என்பது மெய்யானால், அன்றே தடைகள் நீங்கியிருக்க வேண்டும். 1744இல் பதுவா நகரில் கலிலேயோவின் உரையாடல் நூலை வெளியிட இசைவு கிடைத்தது; ஆனால் 1633ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் அவர் கைவிட்ட உறுதிமொழியையும் உடன் சேர்த்தே வெளியிட வேண்டியிருந்தது. 1758இல் பதினான்காம் ஆசீர்வாதப்பரின் காலத்து அட்டவணை, பூமியின் அசைவைக் கற்பிக்கும் நூல்கள் யாவும் தடை என்ற பொது விதியை விட்டது. கோப்பர்நிக்கஸ், கெப்ளர், கலிலேயோ, ஃபொஸ்காரினி, சூனிகா ஆகியோரின் நூல்களை விடவில்லை.

1820இல் உரோமையிலேயே குருவும் பேராசிரியருமான செத்தேலே என்பவர் தம் வானியல் பாடநூலுக்கு அச்சிசைவு கேட்டார். திருமாளிகை ஆசான் என்ற பதவியிலிருந்த அன்ஃபோஸ்ஸி மறுத்துவிட்டார். முன்னைய ஆணை மாற்றத்தகாதது என்பது அவர் கட்சி. செத்தேலேக்காக வாதாடிய தொமினிக்கன் சபை ஒலிவியேரி கையாண்ட உத்தியைக் கவனிக்க வேண்டும். முன்னோர் தடுத்தது இன்றைய வானியலை அன்று, அக்காலத்தார் குறைபாட்டோடு கற்பித்த வேறொரு அசைவையே என்று அவர் விளக்கினார். காரியம் நிறைவேறியது, ஏழாம் பத்திநாதர் இசைவளித்தார். தீர்ப்பு தவறு என்று எவரும் சொல்ல நேரவில்லை. நம் பிரசுரங்களின் குலமுதல்வர் இந்த ஒலிவியேரிதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. பெயர் குறித்த அந்நூல்கள் ஓசையின்றி அகன்றது 1835ஆம் ஆண்டு அட்டவணையில். பிராட்லிக்குப் பின் 106 ஆண்டுகள்! டைக்கோ தேடிய விண்மீனின் இடமாற்றத்தை ஜெர்மானியர் பெஸ்ஸல் அளந்தது 1838இல். ஆக, நாம் கேட்டதாகச் சொல்லும் ஆதாரம் வந்தபோது தடையை நீக்கவில்லை. நீக்கியபோது பழைய ஆதாரக் கோரிக்கை நிறைவேறவும் இல்லை. இரு முனையிலும் அவ்விடை பொருந்தவில்லை.

இத்தடையால் இழந்தது யார்? நம்மவர்களே. இயேசு சபை அறிஞர் ரிச்சோலி 1651இல் வெளியிட்ட பெருநூல் அந்நூற்றாண்டின் அரிய வானியல் நூல்களுள் ஒன்று. நிலவின் பெரும் பள்ளங்களுள் ஒன்றுக்குக் கோப்பர்நிக்கஸின் பெயரை இட்டவரும் அவரே. அத்தகையவர் பூமி அசையாது என்று எழுதினார். ஆணை இல்லாதிருந்தால் என்ன எழுதியிருப்பார் என்பதை நாம் ஒருநாளும் அறியப்போவதில்லை. நெதர்லாந்தில் வாழ்ந்த டெகார்ட், 1633இன் செய்தி கேட்டுத் தம் உலகியல் நூலை அச்சுக்கு அனுப்பாமல் நிறுத்தினார்.

திருத்தந்தை அதிகாரபூர்வப் பீடத்திலிருந்து வரையறுக்கவில்லை, ஆகவே வழுவாவரம் பழுதுபடவில்லை என்பார் சிலர். உண்மைதான். லூத்தரன்களும் எதிர்த்தார்கள் என்பார் வேறு சிலர். அதுவும் உண்மை. பக்கத்து வீட்டாரும் அப்படியே செய்தார் என்பது நம் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் ஏற்கப்படும் விடையா என்று மட்டும் கேட்டுவைக்கிறேன்.

பழைய கதையை ஏன் கிளற வேண்டும் என்று என் சகோதரக் குருக்கள் கேட்கக்கூடும். கல்லூரியில் இயற்பியல் பயிலும் பங்குப் பெண் ஒருத்தி பிரசுரத்தை வாசித்துவிட்டு, "ஃபாதர், ஆதாரம் இல்லைன்னு தடை செஞ்சாங்களா, பைபிளுக்கு எதிர்னு தடை செஞ்சாங்களா?" என்று கேட்டாள். ஒரு வரிக் கேள்வி. அவளிடம் பிரசுரத்தை ஒப்பிக்கலாம். அவள் நாளை நூலகத்தில் ஆணையின் வாசகத்தைக் காண்பாள். அன்று அவள் இழப்பது கலிலேயோவைப் பற்றிய நம் விளக்கத்தை மட்டுமன்று. உயிர்ப்பைப் பற்றி நாம் சொன்னதையும் அதே கண்ணால் பார்ப்பாள். இன்னொன்றும் உண்டு. உயிரினங்களின் படிமலர்ச்சிக்கு எதிராகத் தொடக்கநூலின் ஆறு நாள்களைக் கணக்கு நூலாக்கும் குறும்புத்தகங்கள், பிரிவினைச் சபைகளின் அச்சகங்களிலிருந்து வந்து, நம் செபக்கூட்டங்களிலும் கைமாறுகின்றன. அவற்றை எதிர்க்க நம்மிடம் உள்ள மிகச் சிறந்த பாடம் 1616. அதைத்தான் நாம் மூடி மறைத்து வைத்திருக்கிறோம்.

திருச்சபையின் போதனை தேங்கி நிற்கவில்லை. 1893இல் பதின்மூன்றாம் சிங்கராயர் விவிலியம் பற்றிய தம் சுற்றுமடலில், திருமறை ஆசிரியர்கள் இயற்கையைப் புலன்களுக்குத் தோன்றும் முறையில் மக்கள் வழக்கில் எழுதினர் என்று அகுஸ்தீனாரைக் காட்டியே விளக்கினார். கலிலேயோவின் மடல் சொன்னதும் பெரும்பாலும் அதுதான். 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய சங்க ஏடு, நம் மீட்பின் பொருட்டு இறைவன் எழுதிவைக்க விரும்பிய உண்மையையே விவிலியம் வழுவாது கற்பிக்கிறது என்று தெளிவாக்கியது. 1992 அக்டோபர் 31 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், விவிலிய விளக்க நெறியில் கலிலேயோ தம் எதிர்ப்பாளர்களான இறையியலாரைவிடக் கூரிய பார்வை உடையவராய் இருந்தார் என்று திருத்தந்தை அறிவியல் கழகத்தின் முன் சொன்னார். அதைவிடத் தெளிவான ஒப்புதல் வேண்டுமா? ஆயினும் அந்நாளில் வாசிக்கப்பட்ட குழு அறிக்கை பழியை அக்கால இறையியலார் என்ற பெயரில்லாக் கூட்டத்தின்மேல் இறக்கியது. பேராயத்தின் பெயரோ எட்டாம் உர்பானின் பெயரோ பொறுப்பாளிகள் வரிசையில் வரவில்லை. குழுவில் இருந்தவரும் வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தவருமான இயேசு சபை அருட்தந்தை ஜார்ஜ் கொய்ன் இக்குறையைப் பின்னர் வெளிப்படையாகவே எழுதினார்.

இன்றைய உலகில் திருச்சபை என்ற சங்க ஏட்டின் 36ஆம் எண்ணைப் பாருங்கள். அறிவியலின் உரிமையான தன்னாட்சியை உணராத மனப்போக்குகள் கிறிஸ்தவர்களிடையேயும் இருந்ததற்கு அங்கே வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. கலிலேயோவின் பெயர் ஏட்டில் இல்லை. அடிக்குறிப்பில் ஒரு நூல் சுட்டப்படுகிறது, பியோ பஸ்கீனி எழுதிய கலிலேயோ வரலாறு. பஸ்கீனி ஒரு குரு, திருச்சபை வரலாற்றுப் பேராசிரியர். 1941இல் திருத்தந்தை அறிவியல் கழகமே இந்நூலை எழுதப் பணித்தது. 1945இல் எழுதி முடித்தார். கலிலேயோவுக்கு மிகவும் சார்பாக இருக்கிறது என்று கூறி வெளியிட மறுத்துவிட்டனர். கையெழுத்துப் படியைத் திருத்த மனமின்றிப் பெட்டியில் வைத்துவிட்டு 1962இல் அவர் இறந்தார். சங்கம் நடந்துகொண்டிருந்த 1964இல் நூல் வத்திக்கானிலேயே அச்சாகி வந்தது. அது திருத்தப்பட்டு வந்தது. பல இடங்களில் அவருடைய கடும் சொற்கள் மென்மையாக்கப்பட்டும், சில தீர்ப்புகள் எதிர்ப்புறம் திருப்பப்பட்டும் இருந்தன. எங்கெங்கே மாற்றினோம் என்று பதிப்பில் குறிக்கப்படவில்லை. பின்னர் ஒருவர் மூலப் படியோடு ஒப்பிட்டபோதுதான் அது வெளிப்பட்டது.